கிணற்றடிக் கல்லும் சிங்கப்பூர்க் கடலும்

முதல் நாள், வெள்ளி

திருச்சியிலிருந்து வந்த விமானம் சாங்கியில் இறங்கும் முன் கடலை ஒட்டித் தாழப் பறந்தது. ஜன்னலுக்குக் கீழே கப்பல்கள், கிடையில் அடைத்த மாடுகள் மாதிரி, எல்லாம் ஒரே பக்கம் முகத்தை வைத்து நின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கே இத்தனை கப்பலை ஒருசேரப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இவ்வளவு கப்பல் போய்வரும் தண்ணீருக்குள் பவளப்பாறை உயிரோடு இருக்கிறது என்று என் தங்கை மகள் இரண்டு வருடமாகப் போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உடைந்ததை ஒட்டவைத்து வளர்க்கிற வேலையில் அவளும் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறாள். அதைப் பார்க்கத்தான் இந்த ஜூன் விடுமுறையில் வந்திருக்கிறேன்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் கிணற்றடியைத்தான் காட்ட வேண்டும். தாத்தா வள்ளத்தில் போய்க் கல் எடுத்தவர். ஊருக்கு எதிரே உள்ள தீவுகளைச் சுற்றிப் பவளக் கல்லைக் கடப்பாரையால் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாய்க்குப் போடுவார்கள். நல்ல கல்லாக வந்தால் வீட்டுக்கும் நாலு எடுத்து வைத்துக்கொள்வார்கள். எங்கள் கிணற்றடிச் சுவர் அப்படி வந்த கல்லில் கட்டியது. சின்ன வயதில் குளிக்கும்போது அதிலுள்ள குழிகளை விரலால் தடவித் தடவி எண்ணுவேன். தேன்கூடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள். ஒரு உயிர் கட்டிய வீடு அது என்று யாரும் சொல்லித் தரவில்லை. தாத்தாவுக்கும் அது கல்தான். வயிற்றுப்பாட்டுக்கு எடுத்தார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் வந்தது. ஆனால் 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கடியில். பாறை முன்னால் நின்று அலையை உடைத்தால்தான் பின்னால் மணல் தீவு நிற்கும். மூழ்கிய இரண்டில் ஒன்று விலங்குச்சல்லி. தாத்தா அதில் இறங்கிக் கஞ்சி குடித்திருக்கிறார்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது தங்கை வீட்டுக்காரர் காரை ஓட்டிக்கொண்டே கையைக் காட்டினார். “இந்த ரோடு, அந்தப் பார்க், நீங்க இறங்கின ஏர்போர்ட்ல பெரும்பகுதி, எல்லாம் கடல் மச்சான். எங்கப்பா காலத்துல கத்தோங்கில் வீட்டு வாசலுக்கே அலை வருமாம்.” கிழக்குக் கரையைத் தூர்க்கத் தொடங்கியது 1966இல். 1960இல் ஏறக்குறைய 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. கிழக்கே பெரும்பாலும் மணலும் சேறும்தான் புதைந்தன. தெற்கிலும் மேற்கிலும் புதைந்தது பாறை. ஏழு தீவுகளை ஒன்றாக்கித்தான் ஜூரோங் தீவு வந்தது. 1960களிலிருந்து சிங்கப்பூர் தன் பவளப்பாறைகளில் பாதிக்கு மேல், 60 சதவீதம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், இழந்திருக்கிறது.

ஈசூனில் வீடு. பத்தாவது மாடி. தங்கை மீன் குழம்பு வைத்திருந்தாள்.

இரண்டாம் நாள், சனி

காலையில் தேக்கா மார்க்கெட். அதைப் பற்றி எழுதாதவர் இல்லை, நான் விட்டுவிடுகிறேன். முள்ளுக்கத்தரிக்காய்கூடக் கிடைக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் தங்கை மகள் கெப்பல் விரிகுடாப் பக்கம் கூட்டிப்போனாள். படகுகள் கட்டியிருக்கும் இடம், ஓரமாக நடைபாதை, பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள். “கீழே பாருங்க மாமா” என்றாள். தண்ணீரில் வானம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தபின், கடல் சுவரின் சரிவில் வட்ட வட்டமாகப் பழுப்பும் பச்சையும். தட்டுத் தட்டாக, முட்டைக்கோஸ் இலை விரித்த மாதிரி. பவளம்! யாரும் நட்டதில்லை. குஞ்சுகள் தண்ணீரோடு மிதந்து வந்து, அலை தடுக்கப் போட்ட கல்லில் ஒட்டிக்கொண்டு, தாமாக வளர்ந்தவை.

பவளத்துக்கு என்ன வேண்டும் என்று அங்கேயே நின்று சொன்னாள். உட்கார ஆடாத ஒரு கல், வெளிச்சம், மேலே வண்டல் படியாமல் இருக்க ஓடுகிற தண்ணீர், அதிகம் சுடாத கடல். இந்த நாட்டின் கடலில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும்தான் பஞ்சம். தூர்க்கிற வேலையும் கப்பல் போக்குவரத்தும் கிளப்பும் வண்டலால் தண்ணீருக்குள் பல நாள் இரண்டு மீட்டர் தூரம் தெரிந்தாலே பெரிது. வெளிச்சம் கீழே போகாததால் பவளம் பெரும்பாலும் 6 மீட்டர் ஆழத்துக்குள் ஒண்டிக்கொண்டு வாழ்கிறது. அதிலும் ஏறக்குறைய 250 வகை. உலகத்திலுள்ள பாறை கட்டும் பவளங்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம். இந்தக் கணக்கை அவள் முன்பு போனில் சொன்னபோது நான் நம்பவில்லை.

சீக்கிரம் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லியிருக்கிறாள். இரண்டரை மணிக்கு எழ வேண்டும்.

மூன்றாம் நாள், ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது, கை இன்னும் ஈரமாகவே இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

மூன்று மணிக்கு டாக்சி. வெஸ்ட் கோஸ்ட் படகுத்துறையில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் தன்னார்வலர்கள். அதில் பேருந்து ஓட்டுநர் ஒருவர், தாதி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பேச்சே இல்லை; பிளாஸ்க்கில் இருந்த காப்பியை மாற்றி மாற்றிக் குடித்தோம். பௌர்ணமி கழிந்து இரண்டு நாள். நிலா மேற்கே சாய்ந்திருந்தது. நம்மூரில் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. இங்கே வெள்ளத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 3 மீட்டர்வரை வித்தியாசம் வரும். ஜூன் மாதம் அடி வற்றம் விடியலுக்கு முன்னால் வருகிறது, அதனால்தான் இந்த நேரம்.

போனது புலாவ் ஹந்து என்ற இரட்டைத் தீவுக்கு. மலாயில் ஹந்து என்றால் பேய். பெரியது ஒன்று, சின்னது ஒன்று, நடுவே ஆழமில்லாத கடல். எதிரே புக்கோம் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, தேர்த் திருவிழா மாதிரி விளக்கு. புகைபோக்கி உச்சியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் தண்ணீரில் ஆடுகிற இடத்தில்தான் பாறை.

இறங்கும்போதே சட்டம் சொல்லிவிட்டார்கள். கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூ. மணலில் மட்டும் கால். எதையும் தொடக்கூடாது, புரட்டக்கூடாது. “அடி வைக்கிற இடத்தைப் பார்த்துட்டு வைங்க மாமா. கல்லுமீன் இருக்கும். அதைவிட முக்கியம், நீங்க மிதிச்சா ஒரு பவளம் போயிடும்.” அதன்பிறகு இரண்டு மணி நேரம் நான் குனிந்த தலை நிமிரவில்லை.

டார்ச் வெளிச்சத்தில் முதலில் பார்த்தது கடற்சாமந்தி ஒன்றும் அதற்குள் படுத்திருந்த கோமாளி மீன் ஒன்றும். எல்லோரும் படம் எடுத்தார்கள். எனக்கு அதற்கு அந்தப் பக்கம் கண் போய்விட்டது. கணுக்கால் அளவு தண்ணீருக்குள் கால்பந்து அளவில் ஒரு உருண்டை. குழி குழியாக. எங்கள் கிணற்றடிக் கல்!

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கிணற்றடியில் வெறும் பள்ளமாக இருந்த இடமெல்லாம் இங்கே நிரம்பியிருந்தது. ஒவ்வொரு குழியிலும் சதை. நடுவில் சின்னக் கோடாக ஒரு வாய், பளபளக்கும் பச்சை. ஓரத்துச் சுவர்மேல் பழுப்பு. ராத்திரி என்பதால் குழிகளின் விளிம்பிலிருந்து கண்ணாடி நூல் மாதிரி விரல்கள் நீண்டு தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன. டார்ச்சைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனதும் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டன. ஐம்பது வருடமாகச் சோப்பு வைத்துக்கொண்டிருந்த கல்லுக்கு இப்படி ஒரு முகம் இருந்திருக்கிறது.

தங்கை மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாடமே எடுத்தாள். “ஒரு குழிக்கும் பக்கத்துக் குழிக்கும் நடுவுல சுவர் எத்தனைன்னு பாருங்க. ரெண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர் ஒண்ணுதான்னா அது ஃபேவைடிஸ். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிச் சுவர், நடுவுல ஒரு வாய்க்கால் ஓடுதுன்னா டிப்சாஸ்ட்ரியா.” நான் பார்த்தது பொதுச் சுவர். நாலடி தள்ளி இன்னொரு உருண்டை. அதில் ஒவ்வொரு குழியும் தனியாக மேடிட்டு, தனி வீடாக நின்றது. ஒருமுறை தெரிந்துவிட்டால் கண் தானாகத் தேட ஆரம்பித்துவிடுகிறது.

பூத்தொட்டிப் பவளம் என்று ஒன்று. நீளக் காம்பில் பூ மாதிரி ஆடும். பூவுக்கு 24 இதழ் என்றாள். இரண்டு பூவில் எண்ணிப் பார்த்தேன், இருபத்துநாலேதான். காளான் பவளம் எதிலும் ஒட்டாமல் தனியாகக் கிடக்கிறது. மூளைப் பவளம் கோவில் யானைக்கு நெற்றியில் கோலம் போட்ட மாதிரி வளைந்து வளைந்து போகிறது. கடலுக்குள் நிறம் ஏன் என்றால், அந்தச் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெயிலில் சமைத்து, பவளத்துக்கு வேண்டிய சாப்பாட்டில் 90 சதவீதம்வரை அதுவே தருகிறது. பதிலுக்குப் பவளம் இடம் தருகிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டால் இந்தக் கூட்டு முறிந்து பாசி வெளியேறும், பவளம் வெளுத்துவிடும். வெளுத்ததும் சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும், பிழைக்கும்.

ஓரிடத்தில் அறுந்த மீன்வலை பாறைமேல் கம்பளி மாதிரி போர்த்திக் கிடந்தது. வலைக்கடியில் இருந்தவை வெள்ளையாகவும் வழவழவென்று பாசி பிடித்தும் இருந்தன. பேருந்து ஓட்டுநர் கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி எடுத்தார். இழுத்தால் கிளை ஒடியும் என்பதால் இழுக்கவே இல்லை. முக்கால் மணி நேரம். வலையில் சிக்கியிருந்த நண்டு ஒன்றை விடுவித்தபோது அது ஓடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நான் வலைகளுக்கு நடுவே வளர்ந்தவன். ஒரு வலையை அவ்வளவு பொறுமையாக யாரும் வெட்டி நான் பார்த்ததில்லை.

கிழக்கு வெளுக்கும்போது தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் நாங்கள் நின்ற மணல் இல்லை. படகில் திரும்பும்போது பாறை இருந்த இடத்தில் வெறும் கலங்கல் தண்ணீர்.

நான்காம் நாள், திங்கள்

நாள் முழுக்க மழை. மத்தியானம்வரை தூக்கம். எங்கும் போகவில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய்

ஈசூனில் ஏறினால் சிவப்புத் தடத்தின் கடைசி நிலையம் மரினா சவுத் பியர். ரயிலை விட்டு இறங்கினால் படகுத்துறை. சிஸ்டர்ஸ் தீவுகளில் பெரியதற்குப் போனோம். இதைச் சுற்றியுள்ள கடலைத்தான் 2014இல் நாட்டின் முதல் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். ஏறக்குறைய 40 ஹெக்டேர். சீரமைப்பு வேலைக்காக மூடியிருந்த பெரிய தீவு 2024 அக்டோபரில் மறுபடி திறந்தது. மேடை மாதிரி நடைபாதை, ஒரு சின்னக் காயல், குடும்பம் குடும்பமாகக் கூட்டம். குழந்தைகள் தண்ணீருக்குள் குனிந்து மீனைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

இங்கேதான் தங்கை மகள் தான் செய்கிற வேலையை முழுசாகச் சொன்னாள். நாற்றுக்கு உயிரோடிருக்கும் பவளத்தை வெட்டிச் சிதைப்பதில்லை. அலையோ நங்கூரமோ ஏற்கெனவே உடைத்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்குகிறார்கள். அவற்றை அப்படியே விட்டால் மணலில் உருண்டு, சேற்றில் மூடிச் செத்துப்போகும். எடுத்து வந்து, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய சட்டங்களில் பொருத்தினால் வண்டல் மேலே தங்காது. நாற்றங்கால் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது. நெல்லுக்குச் செய்வதைத்தான் செய்கிறார்கள்: சின்னதை ஓரிடத்தில் தேற்றி, தேறியபின் பிடுங்கி வயலில் நடுவது. பாறையில் நடும்போது எபாக்சிப் பசையைப் பிசைந்து உருட்டி, துண்டை அதில் அழுத்தி வைக்கிறார்கள். கொஞ்ச நாளில் பவளம் தன் சுண்ணாம்பால் பசையையே மூடிவிடும்.

“அதுக்கு நடுவுல உங்க வேலை என்ன?” என்றேன்.

“பல் விளக்குறது மாமா.”

பழைய பல் விளக்கும் பிரஷ். நாற்றங்கால் சட்டத்திலும் துண்டுகளைச் சுற்றியும் பாசி படரும். விட்டால் பவளத்துக்கு வெளிச்சமும் இடமும் இருக்காது. முக்குளித்துப் போய், ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்க்க வேண்டும். கலங்கல் நாளில் தன் முழங்கைக்கு அப்பால் ஒன்றும் தெரியாதாம், தடவித் தடவித் தேய்ப்பாளாம். சதையில் பட்டுவிடாமல், துண்டின் விளிம்புவரைதான். பவளத்தைத் தின்கிற நத்தை இருந்தால் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு தொட்டி காற்று தீரும்வரை வேலை செய்தாலும் ஒன்றிரண்டு சட்டம்தான் முடியும். ஒவ்வொரு துண்டுக்கும் எண் உண்டு. அவளுக்கு 14ஆம் எண் துண்டு ஒன்றின்மேல் தனிப் பிரியம். இரண்டு தடவை வெளுத்துப் பிழைத்ததாம். அதைச் சொல்லும்போது அவள் குரல், வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசும் என் அம்மா குரல்.

சிங்கப்பூரில் இந்த வேலை நேற்று தொடங்கியதில்லை. 1980களிலேயே பேராசிரியர் சௌ லோக் மிங் போன்றவர்கள் இந்தப் பாறைகளை அளந்து பதிந்து வைத்தார்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் எவ்வளவு போயிற்று என்றே யாருக்கும் தெரிந்திருக்காது. 2007இல் செமக்காவ் தீவுப் பக்கம் ஒரு நாற்றங்கால் போட்டார்கள். துவாஸ் துறைமுகம் கட்டும்போது சுல்தான் ஷோல் என்ற சின்னத் தீவுப் பக்கம் இருந்த 2,000க்கும் மேற்பட்ட பவளங்களைப் பெயர்த்து இந்தத் தெற்குத் தீவுகளின் பக்கம் குடியேற்றினார்கள். 2018இல் சிஸ்டர்ஸ் தீவுக்கு அருகே மூன்று மாடி உயரத்தில் 8 செயற்கைப் பாறை அமைப்புகளை இறக்கினார்கள். இப்போது தேசியப் பூங்காக் கழகம் 1,00,000 பவளம் நடும் திட்டத்தை 2024 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. குறைந்தது 10 வருட வேலை.

லட்சம் என்றதும் மனசு நிறைந்தது. அப்புறம் ஒரு கணக்குப் போட்டேன். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். எங்கள் கிணற்றடிக் கல் ஒன்று ஒரு அடிக் கனம். அது சேர முப்பது வருடம் ஆகியிருக்கும். தாத்தா அதைக் கடப்பாரையால் பெயர்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? கால் மணி நேரம்? நடுவதை நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். ஆனால் இருக்கிற ஒரு பழைய பாறையை இருக்கிற இடத்திலேயே விட்டுவைப்பதுதான் முதல் வேலை என்று எனக்கு உறுதியாகப் படுகிறது. பெயர்த்து நட்ட 2,000 பிழைக்கலாம். அவை விட்டு வந்த இடம் திரும்பாது. லாசரஸ் தீவின் தென்பகுதியையும் கூசு பாறையையும் சேர்த்து இரண்டாவது கடல் பூங்கா வரப்போகிறது என்றது, இன்று கேட்டதிலேயே நல்ல செய்தி.

ஆறாம் நாள், புதன்

செயிண்ட் ஜான்ஸ் தீவு. படகை விட்டு இறங்கியதும் மரநிழல், பூனைகள், அமைதி. 1874இலிருந்து இது நோய்த்தடுப்புத் தீவு. சீனாவிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் கப்பலில் வந்தவர்களை, காலராவோ அம்மையோ இருக்குமோ என்று இங்கே இறக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் விட்டார்கள். தோட்ட வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வந்த எத்தனை தமிழர்கள் இந்தக் கரையில் உட்கார்ந்து எதிரே தெரிந்த நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்! அவர்கள் பார்த்த தண்ணீர் தெளிவாக இருந்திருக்கும். பாறை அவர்கள் காலடியிலேயே தெரிந்திருக்கும்.

இப்போது இங்கே தேசியக் கடல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. லட்சம் பவளத் திட்டத்துக்குத் துண்டுகளைத் தொட்டிகளில் வளர்ப்பதும் இந்தத் தீவில்தான். உள்ளே நாம் நினைத்தபடி போக முடியாது. தொட்டியில் வளர்ப்பதில் ஒரு வழி எனக்குப் புதிது. உருண்டைப் பவளத்தை விரல்நக அளவுத் துண்டுகளாக அறுத்துப் பக்கம் பக்கமாக ஒட்டிவிட்டால், அறுபட்ட விளிம்புகள் வேகமாகப் பரவுமாம். ஒரே தாயின் துண்டுகள் என்பதால் ஒன்றையொன்று தொட்டதும் சண்டை போடாமல் ஒன்றாகி ஒரே பவளமாகிவிடும். வேறு தாயின் துண்டானால் எல்லைச் சண்டை.

இந்தத் தீவுக்குப் பக்கத்தில்தான் 2011இல் நெப்டியூன் கோப்பை என்ற பெரிய கடற்பஞ்சு உயிரோடு கிடைத்தது. 1820களில் சிங்கப்பூரிலேயே முதன்முதல் விவரிக்கப்பட்டு, நூறு வருடத்துக்கு மேலாகப் பூண்டற்றுப் போய்விட்டது என்று எல்லோரும் கைவிட்ட உயிர். கலங்கிய தண்ணீருக்குள் தன்பாட்டில் நின்றுகொண்டிருந்தது.

படகுத்துறைப் படியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். 2024 பற்றிப் பேச்சு வந்தது. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். 1998, 2010, 2016 என்று சிங்கப்பூரில் பெரிய வெளுப்புகள் வந்திருக்கின்றன. அடுத்தது 2024. கடல் 31 டிகிரியைத் தாண்டி நின்றது. ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங்கில் கப்பல்கள் மோதி 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. லாப்ரடார், செந்தோசா, இந்தத் தீவு, லாசரஸ், கூசு எல்லாக் கரையிலும் கறுப்பு. மிதவைத் தடுப்புகளைக் கட்டிக் காயல்களைக் காத்தார்கள். இவள் செந்தோசாவில் மணலை வாரிப் பைகளில் கட்டினாள். அது ஓய்வதற்குள் ஜூலையில் வெளுப்பு உச்சத்துக்குப் போனது. தெற்குத் தீவுகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பவளங்கள் வெளுத்தன.

“தண்ணிக்குள்ள இறங்கினா எல்லாம் பல்லு மாதிரி வெள்ளை மாமா. கலங்கல் தண்ணியிலயும் பளிச்சுனு தெரிஞ்சுது. அப்பத்தான் முதல்தடவை அவ்வளவு தூரம் பார்த்தேன். பார்க்கவே பிடிக்கல.”

செப்டம்பருக்குப் பிறகு பெரும்பாலானவை நிறம் திரும்பின. கலங்கல் தண்ணீரே வெயிலுக்குத் திரையாக இருந்து கொஞ்சம் காப்பாற்றுகிறது என்றும், எந்நேரமும் கஷ்டத்தில் வாழ்ந்து பழகியவை என்பதால் தாங்குகின்றன என்றும் ஆய்வாளர்கள் காரணம் தேடுகிறார்கள். தாங்கிய தாய்களின் துண்டுகளை நாற்றுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அதில் ஆறுதல் இருக்கிறது. பயமும் இருக்கிறது: கடல் சுடுவதை எந்தப் பிரஷ்ஷாலும் தேய்த்து எடுக்க முடியாது.

பேச்சை மாற்றுவதற்காக, கடலுக்குள் அவள் பார்த்ததிலேயே பிடித்தது எது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்: ஏப்ரல் பௌர்ணமி கழிந்த நாலாம் ராத்திரி. பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டை விடுகிற ராத்திரி. பௌர்ணமிக்குப் பின் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் இது நடக்கும் என்பதை இந்தக் கடலில் 2002இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் குழுவோடு அவளும் இறங்கியிருக்கிறாள். முதலில் ஒவ்வொரு குழியின் வாயிலும் இளஞ்சிவப்பாக ஒரு மணி வந்து நின்றதாம். வெகுநேரம் அப்படியே. பிறகு ஒன்று கழன்றது, அப்புறம் பத்து, அப்புறம் பாறை முழுக்க. சிவப்பரிசி நொய்யைக் கையால் தூவினால் கீழே விழுமே, அது தலைகீழாக மேலே போவதுபோல. டார்ச்சை அணைத்துவிட்டு அதற்குள் மிதந்தார்களாம். முகத்தில் மணி மணியாக வந்து முட்டியதாம். ராத்திரி பத்து மணிக்குக் கப்பல்கள் வழக்கம்போல மேலே போய்க்கொண்டிருந்தன.

திரும்பும் படகில் நான் பேசவில்லை.

ஏழாம் நாள், வியாழன்

சாயங்காலம் விமானம். காலையில் ஊரிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, கிணற்றடிச் சுவரைத் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்து, கிட்டே வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். “என்னண்ணே, சுவரையா?” என்றான். ஆமாம், சுவரைத்தான். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடு, அளவு தெரியும் என்றும் சொன்னேன். அதைத் தங்கை மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஒன்பது படம் வந்தது. சாப்பாட்டு மேசையில் இருவரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தோம். ஈரத்தில் குழியெல்லாம் எழும்பித் தெரிந்தது. சோப்பு வைக்கிற இடத்தில் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. அவள் போனை என் கையில் கொடுத்தாள். “நீங்களே சொல்லுங்க மாமா.”

பெரிதாக்கிப் பார்த்தேன். குழிக்கும் குழிக்கும் நடுவே ஒரே சுவர்.

“ஃபேவைடிஸ்.”

“சரி. அதுக்கு மேல் வரிசை?”

மேல் வரிசையில் இரண்டு கல் அதே வகை. மூன்றாவதில் ஒவ்வொரு குழிக்கும் தனிச் சுவர், நடுவே மெல்லிய வாய்க்கால். ஐம்பது வருடம் விரல் வைத்த கல். வேறு பேர் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

“அது டிப்சாஸ்ட்ரியா.”

அவள் தலையாட்டினாள். தங்கை வந்து எட்டிப் பார்த்து, “நம்ம கிணத்தடியா?” என்று கேட்டுவிட்டு, அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது படத்தையும் முதலிலிருந்து பார்த்தோம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்லித் தம்பிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.